மறுமை நம்பிக்கையும் நீதியின் வினாவும்
இயேசுவின் காலத்து யூதரிடையே நிலவிய கருத்து வேறுபாடுகள்

எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தின்முன் நிறுத்தப்பட்ட பவுல், மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிய நம்பிக்கைக்காகவே தாம் விசாரிக்கப்படுவதாக உரைத்தார். அச்சொல் அச்சங்கத்தையே இரண்டாகப் பிளந்தது (அப். 23:6-10). ஒரே ஆலயத்தில் வழிபட்டு, ஒரே நியாயப்பிரமாணத்தை ஓதி, ஒரே சங்கத்தில் அமர்ந்திருந்தோர், மரணத்திற்குப் பின் நிகழ்வது யாது என்னும் வினாவில் இத்துணை வேறுபட்டு நின்றது எங்ஙனம்? எவர் எதை நம்பினர், ஏன் நம்பினர் என்பதை வரலாற்று நோக்கில் காண முற்படுவோம்.

1. பழைய இஸ்ரவேலரின் நிலை

பழைய ஏற்பாடு முழுவதும் மோட்ச நம்பிக்கையைப் போதிக்கிறது என்று நம் சபையார் பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. நல்லோரும் தீயோரும் மரித்தபின் 'ஷியோல்' என்னும் பாதாளத்திற்கே செல்வர் என்பது பழைய இஸ்ரவேலரின் கருத்து. அது தண்டனைக்குரிய இடமன்று. ஒளியும் ஒலியுமற்ற நிழல் வாழ்வு. அங்கே கடவுளைத் துதிப்பாரில்லை எனச் சங்கீதக்காரர் முறையிடுகின்றனர் (சங். 6:5, 88:10-12, 115:17). மரித்தோர் ஒன்றும் அறியார் என்பது பிரசங்கியின் முடிவு (9:5). கி.மு. 180 அளவில் எருசலேமில் எழுதிய ஞானி பென் சீராவும், நல்லோரின் நற்பெயரே நிலைத்திருப்பது என்னும் பழைய கருத்தையே பற்றி நின்றார்.

இதனை நம்பிக்கைக் குறைவென்று நாம் தள்ளிவிடலாகாது. மறுமையில் கைம்மாறு எதனையும் எதிர்பாராமலே இம்மக்கள் பல நூற்றாண்டுகள் கடவுளை நேசித்தனர். ஆமோசும் மீகாவும் மோட்சத்தைக் காட்டி மக்களை அழைக்கவில்லை. நரகத்தைக் காட்டி அச்சுறுத்தவுமில்லை. நீதி செய்தல் கடவுளின் சித்தம் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

2. இரத்தசாட்சிகள் எழுப்பிய வினா

நீதிமான் நீடூழி வாழ்வான், துன்மார்க்கன் அழிவான் என்பது இப்பழைய சமயத்தின் தூண்களில் ஒன்று. யோபுவின் நூலில் ஆட்டங்கண்ட இத்தூண், கி.மு. 167இல் பெரும் அதிர்ச்சிக்குள்ளாயிற்று. அவ்வாண்டில் சீரிய மன்னன் நான்காம் அந்தியோகு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். விருத்தசேதனமும் ஓய்வுநாள் ஆசரிப்பும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டவன் கொல்லப்பட்டான், கைவிட்டவன் வாழ்ந்தான். கடவுளுக்காகவே மாண்டவர்க்குக் கடவுள் செய்யும் நீதி யாது?

இவ்வினாவிற்கு விடையாகவே தானியேல் 12:2 எழுந்தது என்பது திருமறை ஆய்வாளர் பலரின் கருத்து. எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளின் காட்சி நாட்டின் மறுவாழ்வைக் குறித்தது (37:11). தானியேலோ, மண்ணில் உறங்குவோர் அநேகர் எழுந்து, சிலர் நித்திய ஜீவனையும் சிலர் நித்திய நிந்தையையும் அடைவர் எனத் தெளிவாகக் கூறுகிறது. மக்கபேயரின் இரண்டாம் நூலை நாம் தள்ளுபடியாகமங்களில் வைத்தபோதிலும், அக்கால நம்பிக்கைக்கு அது சிறந்த சான்றாகும். அதன் ஏழாம் அதிகாரத்தில், தாயின் கண்முன்னே ஏழு சகோதரர் வதைக்கப்படுகின்றனர். அவர்களுள் ஒருவன் தன் கைகளை நீட்டி, வானத்தினின்று பெற்ற இவற்றை மீண்டும் அங்கிருந்தே பெறுவேன் என்கிறான். இங்கே பேசப்படுவது ஆன்மாவின் அழியாமையன்று. கொடுங்கோலன் சிதைத்த உடலைப் படைத்தவர் திரும்பத் தருவார் என்பதே. ஆகவே, உயிர்த்தெழுதலின் நம்பிக்கை ஓய்வாக அமர்ந்து சிந்தித்தோரிடையே தோன்றவில்லை; அது கொலைக்களத்தில் உரம் பெற்றது.

3. பிரிவினரின் கருத்துகள்

முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், யூதப் பிரிவினரின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கின்றார். கிரேக்க ரோம வாசகர்க்காக எழுதியமையால், அவர் இவற்றிற்குத் தத்துவ ஆடை உடுத்தியுள்ளார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உடலோடு ஆன்மாவும் மடியும் என்றனர் சதுசேயர். பிரதான ஆசாரியக் குடும்பங்களோடு தொடர்புடைய இவர்களின் போதனை செல்வரிடம் மட்டுமே எடுபட்டது என்கிறார் யோசேப்பஸ். இவ்வுலக ஒழுங்கில் உயர்ந்த இடம் பெற்றோர்க்கு, அதனைத் தலைகீழாக மாற்றும் மறுமை தேவைப்படவில்லை எனலாம். எனினும் செல்வம் ஒன்றே காரணம் எனல் மிகையாகும். மோசேயின் நூல்களில் தெளிவாக இல்லாத புதுமையை ஏற்க மறுத்த பழைமையாளர் அவர்கள்.

1990இல் எருசலேமில் அகழப்பட்ட கல்லறையொன்று இங்குக் கருதத்தக்கது. அதில் யோசேப்பு காய்பா என்னும் பெயர் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. இயேசுவை விசாரித்த காய்பாவின் குடும்பத்திற்குரியது அது என ஆய்வாளர் பலர் கொள்வர். அதே கல்லறையில் ஒரு பெண்ணின் மண்டையோட்டினுள் காசு ஒன்று இருந்தது. மரித்தோரை ஆற்றைக் கடத்தும் படகோட்டிக்குக் கூலியாக வாயில் காசு வைப்பது கிரேக்கர் வழக்கம். இக்காசு நம்பிக்கையால் வைக்கப்பட்டதா, வெறும் வழக்கத்தாலா என்பதில் கருத்து வேறுபாடுண்டு. ஆயினும், கொள்கை ஒன்றாகவும் துக்க வீட்டின் வழக்கம் வேறாகவும் இருத்தல் எக்காலத்தும் இயல்பே.

பரிசேயர் உயிர்த்தெழுதலையும் நியாயத்தீர்ப்பையும் போதித்துப் பொதுமக்களின் ஆதரவைப் பெற்றனர். எஸ்ஸேனர், உடலாகிய சிறையினின்று ஆன்மா விடுதலை பெறும் என நம்பினர் என்பது யோசேப்பஸின் கூற்று. ஆனால் கும்ரானில் 1947 முதல் கிடைத்த சுருள்களுள் சில, கடவுள் மரித்தோரை உயிர்ப்பிப்பதைப் பற்றியும் பேசுகின்றன. அலெக்சாந்திரியாவின் பிலோவோ, கிரேக்க ஞானியரைப் பின்பற்றி, ஆன்மாவின் அழியாமையை மட்டுமே கூறினார்.

4. மறுமையை மறுத்த ஞானம்

கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்க ஞானி எபிக்கூர், சாவு நமக்கு ஒரு பொருட்டன்று என்றார். நாம் உள்ளவரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை என்பது அவர்தம் வாதம். அவர் நோக்கம் மக்களை அச்சத்தினின்று விடுவிப்பதே. அவரும் எளிய வாழ்வையே விரும்பினார். இவர் வழியினரையே பவுல் அத்தேனேயில் எதிர்கொண்டார் (அப். 17:18).

'சாலொமோனின் ஞானம்' என்னும் நூல் மறுமையை மறுப்போரை வேறுவிதமாகக் காட்டுகிறது. வாழ்வு குறுகியது, ஆகவே இன்பந்துய்ப்போம் என்று தொடங்குவோர், ஏழை நீதிமானை ஒடுக்குவோம் என்று முடிக்கின்றனர் (2:1-11). இக்குற்றச்சாட்டு எபிக்கூரின் வழியினர் அனைவர்க்கும் பொருந்தாது. ஆயினும் அந்நூலாசிரியரின் கவலை நமக்கு விளங்குகிறது: இறந்தோர்க்கு நீதி இல்லையெனில், வென்றவனே என்றும் வென்றவனாகிவிடுவான்.

5. இயேசுவின் மறுமொழி

சதுசேயர் இயேசுவிடம், சகோதரர் எழுவருக்கு அடுத்தடுத்து மனைவியான ஒரு பெண்ணைக் குறித்து வினவினர் (மாற். 12:18-27). அவள் எழுவரில் எவனுக்கு உரியவள் என்பதே அவர்களின் கேள்வி. அவளுடைய துயரம் அவர்களுக்குப் பொருளாகவில்லை. வரும் வாழ்வில் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்றார் இயேசு. பின்பு, சதுசேயரும் ஏற்ற மோசேயின் நூலிலிருந்தே, கடவுள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்போரின் தேவன் என்பதை எடுத்துக்காட்டினார். ஆன்மாவின் இயல்பைப் பற்றி அவர் வாதிடவில்லை. கடவுள் தம் மக்களைக் கைவிடார் என்பதே அவர் காட்டிய ஆதாரம்.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் சதுசேயர் வரலாற்றினின்று மறைந்தனர். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, உயிர்த்தெழுதலை மறுப்பவனுக்கும் 'எபிக்கோரோஸ்' எனப்படுபவனுக்கும் வரும் உலகில் பங்கில்லை என்றது. நிந்தனைச் சொல்லாகிவிட்ட அப்பெயரில் எபிக்கூரின் பெயரே ஒலிக்கிறது.

இவ்வரலாறு நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது. மறுமையை நம்பாதவரை நாம் இகழலாகாது. நம் சங்கீதங்கள் பலவற்றைப் பாடியோரும் அதனை அறியாதவரே. மேலும், நாம் அறிக்கையிடும் உயிர்த்தெழுதல் வெறும் ஆறுதல் மொழியன்று. அநியாயமாய்ச் சிதைக்கப்பட்ட உடல்களைக் கடவுள் மறக்கவில்லை என்பதே அதன் முதற்பொருள். கல்லறையருகே அவ்வறிக்கையைச் சொல்லிவிட்டு, உயிரோடிருப்போரின் உடல்கள் பசியாலும் அடியாலும் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருப்போமாயின், நம் வாய் பரிசேயருடையதாயினும் நம் வாழ்வு சதுசேயருடையதே ஆகும்.