மலையகத் தோட்டங்களும் பொதுநூலகமும்: ஒரு வரலாற்று நோக்கு

பொதுநூலகத்தை நூல்கள் அடுக்கி வைக்கப்பட்ட ஒரு கட்டடமாக மாத்திரம் நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எழுத்தறியாதோர்க்கு வகுப்பு நடத்துதல், சொற்பொழிவுக்கும் கலந்துரையாடலுக்கும் களம் அமைத்தல், சிறுவரைக் கதை கேட்க அழைத்தல் ஆகியனவும் அதன் பணிகளேயாம். இப்பணிகளை அளவுகோலாகக் கொண்டு இலங்கையின் மத்திய மலைநாட்டை ஆராயும்போது ஒரு முரண்பாடு புலனாகின்றது. நூலகம் என்னும் நிறுவனம் எட்டாத தோட்டங்களில், நூலகத்தின் பணிகள் வேறு பெயர்களில் நெடுங்காலம் நடைபெற்று வந்துள்ளன. அவ்வாறாயின் அவை நிறுவனமாக வேரூன்றாமைக்குக் காரணம் யாது? தொழிலாளரிடம் வாசிப்பார்வம் இல்லை என்பது எளிதிற் கூறப்படும் விடை. நிலவுடைமையிலும் உள்ளூராட்சிச் சட்டத்திலுமே உண்மையான விடையைத் தேடவேண்டும் என்பது எமது கருத்தாகும்.

தோட்டமும் எழுத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை பரவியபோது அதற்காகவும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். இம்மக்களுக்கு எழுத்து முதலில் அதிகாரத்தின் கருவியாகவே அறிமுகமாயிற்று. செக்றோல், பற்றுச்சீட்டு, கங்காணியின் கடன் கணக்கு என எழுதப்பட்ட யாவும் பிறர் கையில் இருந்தன. தன் பெயருக்கெதிரே பதியப்படுவது யாதென அறியாதவன் அதை மறுத்துரைக்கவும் இயலாதவனானான்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பத்து வயதோடு கல்வி முடிவுறும் என்ற எண்ணமே அச்சட்டத்தின் உட்கிடை எனலாம். அதற்கு மேற்பட்ட வயதில் பிள்ளை மலைக்குச் செல்லும் கையாகவே கருதப்பட்டது. பள்ளிகள் பலவும் ஓராசிரியர் பள்ளிகளே. லயத்துக் காம்பராவும் கோயில் மண்டபமும் வகுப்பறைகளாயின. எனினும் அவ்வாசிரியரின் பணி பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும், மறுகடிதம் வரையவும், துரைக்கு மனு எழுதவும் தொழிலாளர் அவரையே நாடினர். பிற்காலத்தில் தோட்டங்களில் தோன்றிய இராப்பள்ளிகளும் வாசிகசாலைகளும் இத்தேவையின் தொடர்ச்சியே.

கேட்டல்வழிக் கல்வி

எழுத்தறிவு அருகியிருந்த சமூகத்தில் வாசிப்பு ஒரு கூட்டுச் செயலாகவே அமையும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பர். அல்லியரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள் இவ்வாறே இசையோடு வாசிக்கப்பட்டன. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளை ஆடுவதற்குப் பாடல்களை மனனஞ் செய்த இளைஞருக்குக் கூத்து வாத்தியாரே ஆசானாக விளங்கினார். பிரட்டுக்களமும் கோயில் முன்றிலும் இம்மக்களின் சபா மண்டபங்களாக இருந்தன.

ஆயினும் இவ்விராக்காலக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆடவர்க்குரியனவாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. பகல் முழுவதும் கொழுந்து பறித்து, கூடையை இறக்கியபின் அடுப்படிக்குத் திரும்பிய பெண்ணுக்கு இராப்பள்ளி எட்டாததாயிற்று. அவளது ஆக்கத்திறன் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மலைப்பாடலிலும் வெளிப்பட்டது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவ்வாய்மொழிச் செல்வத்தின் ஒரு பகுதியை அச்சிலேற்றிப் பேணிற்று. எந்த வாசிகசாலையிலும் இடம்பெறாத பெண்ணின் குரல் ஏட்டில் இடம்பெறுவதற்கு அத்தனை காலம் செல்லவேண்டியிருந்தது.

அட்டனும் மன்னார்குடியும்

வாசிப்பை அரசியல் விழிப்புணர்வோடு இணைத்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்து, 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், துணி வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். அனுமதியின்றி வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட நிலத்தில் அதுவே வழியாயிருந்தது. 1931இல் அவரது முயற்சியால் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருப்பெற்றது. அட்டன் அதன் களமாயிற்று. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை, மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல்களை இயற்றிக் கூட்டங்களிற் பாடியதோடு, அவற்றைச் சிறு பிரசுரங்களாகவும் பரப்பினார். பாடலைக் கேட்டவர் பிரசுரத்தை வாங்கிச் சென்று, வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மீண்டும் கேட்கக்கூடியதாயிற்று. தொழிற்சங்கக் கூட்டம் இவ்வாறு முதியோர் வகுப்பாகவும் அமைந்தது.

அதே 1931ஆம் ஆண்டில், நடேசய்யரின் தஞ்சை மாவட்டத்திலே மன்னார்குடியில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்குவது பயனுடைத்து. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், எஸ்.ஆர். இரங்கநாதனின் தூண்டுதலால், மாட்டுவண்டி நூலகம் ஒன்று அங்கிருந்து அயற் கிராமங்களுக்குப் புறப்பட்டது. தஞ்சைக் கிராமத்திற் சாதியும் வறுமையும் இல்லாமலில்லை. ஆயினும் கிராமத்துக்குச் செல்லும் பாதை பொதுப் பாதையாயிருந்தது. அட்டனிலிருந்து அவ்வாறொரு வண்டி புறப்பட்டிருப்பின் அது தோட்ட எல்லையிலேயே நின்றிருக்கும். பாதையும் லயமும் நிருவாகத்தின் உடைமையாக இருந்த இடத்தில் நூலுக்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது.

உள்ளூராட்சியின் எல்லைக்கோடு

ஒரு வாசிகசாலை நிலைபெறுவதற்கு ஆர்வலரின் உழைப்பு மட்டும் போதாது. 1933இல் க.மு. செல்லப்பா தமது இல்லத்தில் தொடக்கிய சிறு நூலகமே பின்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. அதைப் பொறுப்பேற்க ஒரு நகரசபையும், அச்சபைக்கு வரி செலுத்தி வாக்களிக்கும் மக்களும் இருந்தமையே அவ்வளர்ச்சிக்கு அடிப்படையாகும். தோட்ட வாசிகசாலையைப் பொறுப்பேற்க எவருமிலர். அதை நடத்திய ஆசிரியர் இடம் மாறினாலோ, இளைஞர் வேலைதேடிக் கொழும்புக்குச் சென்றாலோ அது மூடப்படும் நிலையிலேயே இருந்தது.

இந்நிலை தற்செயலானதன்று. 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சபைகளின் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளர் வாக்காளர் வரிசையினின்றும் ஒதுக்கப்பட்டனர். 1948இல் சென்னை மாகாணத்திற் பொதுநூலகச் சட்டம் நிறைவேறி, நூலகத்துக்கென வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எவர் எப்போது கப்பலேறுவார் என்பதறியாத லயத்தில் எந்த மன்றமும் நிலைத்த உறுப்பினரைக் கொண்டிருத்தல் அரிது.

1970இல் தேசிய நூலகச் சேவைகள் சபைக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. ஆயினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. குடியுரிமை மீண்டு, தோட்ட மக்கள் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்த பின்னரும், அவ்வுறுப்பினர் தம் மக்களின் லயத்துக்கருகே ஒரு வாசிகசாலை அமைக்கச் சட்டம் தடையாயிருந்தது. அட்டன், நுவரெலியா நகரங்களின் நூலகங்கள் நகரத்தார்க்குரியன; பற்றுவழிச் சம்பளத்தில் வாழும் தொழிலாளி அங்கு சென்றுவர ஒருநாட் கூலியை இழக்கவேண்டும்.

இனிச் செய்யத்தக்கவை

2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிற் சபைகள் பணியாற்றுவதற்கு வழி திறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் புதிதாகத் தோன்றின. ஏறத்தாழ எண்பதாண்டு நிலவிய எல்லைக்கோடு சட்ட ஏட்டில் அழிந்துள்ளது. நிலமோ இன்னும் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. எனவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் காணி கேட்டுப் பெறவேண்டிய நிலை தொடர்கின்றது.

இச்சூழலில் நூலகம் அமைக்க முற்படுவோர் நகரத்து நூலகத்தின் அமைப்பை அவ்வாறே பெயர்த்து நடுவது பொருந்தாது என நாம் கருதுகின்றோம். வேலைநேரத்திற் திறந்து அந்தியில் மூடும் வாசிகசாலை தொழிலாளிக்குப் பயன்படாது. ஞாயிற்றுக்கிழமையும் இரவும் திறந்திருத்தல், உரத்து வாசிக்கும் அமர்வுகள், சம்பளச் சீட்டையும் சேமலாப நிதிக் கணக்கையும் வாசித்தறியும் வகுப்புகள், பிள்ளைகளைப் பேணும் ஏற்பாட்டோடு பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட நேரம், முதியோரின் பாடல்களைப் பதிவு செய்யும் பணி ஆகியன மலையகத்தின் சொந்த மரபிலிருந்தே பிறக்கும் திட்டங்களாகும். இவற்றுக்கான முன்மாதிரி பிரட்டுக்களத்திலும் ஓராசிரியர் பள்ளியிலும் மீனாட்சியம்மையின் கூட்டங்களிலும் ஏற்கனவே உண்டு.

கணக்கேட்டின் வழியே எழுத்துக்கு அடிமைப்படுத்தப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், அதே எழுத்தைத் தன் உடைமையாக்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளது. அம்முயற்சிக்கு நிலையான கூரையும் நிதியும் அளிப்பதைச் சலுகையாகக் கருதலாகாது. உழைப்பால் இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கியோர்க்கு நெடுங்காலமாகச் செலுத்தப்படாதிருக்கும் கடன் அது.