பிட்காயின் சுரங்கப் பொறி மேம்பாடு
பழைய பிட்காயின் சுரங்கப் பொறியை மின்சிக்கனமான புதிய சில்லுகளுக்கு மாற்றுதல். வேகத்தைவிட, ஒரு டெராஹாஷுக்கு (லட்சம் கோடி ஹாஷ் கணக்கீடுகளுக்கு) ஆகும் மின்சாரமே இங்கு அளவுகோல். பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் எஸ்9 (2016) சுமார் 98 ஜூல் தின்றது. எஸ்19 புரோவுக்கு (2020) 29.5 போதும், எஸ்21-க்கு (2023) 17.5. சில்லை மட்டும் பெயர்த்து மாற்றுவது பெரும்பாலும் வீண்வேலை. மின்னழுத்தம், இணைப்பு முனைகளின் அமைப்பு, உள்மென்பொருள் எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடும். எனவே சில்லுகள் பதிந்த ஹாஷ் பலகையையே மாற்ற வேண்டும்; பலவேளை மின்வழங்கியையும். அப்புறம் மிஞ்சுவது பெட்டியும் விசிறியும்தான். 2024 ஏப்ரலில் தொகுதிக்கான வெகுமதி 3.125 பிட்காயினாகப் பாதியானதும் பழைய பொறிகள் பல கட்டுப்படியாகாமல் போயின. கேரளத்தின் இடுக்கியில் 780 மெகாவாட் மூலமற்றம் நீர்மின் நிலையம் இருந்தும் இந்தியாவில் இந்தக் கணக்கு உதைக்கிறது: கிரிப்டோ ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி, சுரங்கக் கருவிச் செலவைக் கழிக்கவும் வழியில்லை.