பீடோங் தீவும் பணக்கார நாடுகளின் கதவும்



"செல்வம் மிகுந்த நாடுகள் போர் அகதிகளை இன்னும் அதிகமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமா?" என்பது பள்ளிச் சொற்போர் மேடைக்கு மிகவும் பொருத்தமான தலைப்பு. ஏற்க வேண்டும் என்னும் அணியினர் மனிதநேயத்தைப் பேசுவர். கூடாது என்னும் அணியினர் செலவையும் பாதுகாப்பையும் பேசுவர். இரு அணியினருமே பெரும்பாலும் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றனர். போரிலிருந்து தப்பியோடும் மனிதன் முதலில் போய்ச் சேரும் இடம் பக்கத்து நாடே ஆகும். அந்தப் பக்கத்து நாடாக ஒரு காலத்தில் நம் மலேசியா இருந்தது. எனவே இக்கேள்விக்கான விடையை நம் நாட்டு வரலாற்றிலிருந்தே தேடிப் பார்ப்போம்.

1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. வியட்நாம் போர் முடிவுக்கு வந்தது. ஆனால் மக்களின் துன்பம் முடியவில்லை. பழைய அரசில் பணியாற்றியவர்கள் மறுகல்வி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1978இல் தனியார் வணிகம் ஒடுக்கப்பட்டபோது சீன வம்சாவளியினர் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினர். மீன்பிடிப் படகுகளில் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டு தென்சீனக் கடலைக் கடக்கத் துணிந்தனர். புயலிலும் கடற்கொள்ளையர் கையிலும் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை.

உயிர் தப்பிய படகுகளில் பல நம் கிழக்குக் கரையை வந்தடைந்தன. திரெங்கானு மாநிலக் கடற்கரைக்கு அப்பால் உள்ளது பூலாவ் பீடோங். ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட சின்னஞ்சிறு தீவு. 1978 ஆகஸ்டு மாதத்தில் அது அகதிகள் முகாமாகத் திறக்கப்பட்டது. 4,500 பேர் தங்கலாம் என்று கணக்கிடப்பட்ட அவ்விடத்தில், 1979ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். உடைந்த படகுகளின் பலகைகளைக் கொண்டு இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குடிசைகளை எழுப்பிக்கொண்டனர். மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் உணவும் மருந்தும் வழங்கின. அரசாங்கம் இதற்கென்றே 'ஏழாம் செயற்படை' என்னும் சிறப்புப் படை ஒன்றை அமைத்திருந்தது.

அன்றைய மலேசியாவின் நிலையையும் நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 30 இலட்சம். புதிய பொருளாதாரக் கொள்கை நடப்பிலிருந்த காலம். 1969 மே கலவரத்தின் வடு இன்னும் ஆறவில்லை. வந்தவர்களுள் பலர் சீன வம்சாவளியினராக இருந்ததால் இனச் சமநிலை குலைந்துவிடுமோ என்னும் அச்சமும் எழுந்தது. கரையோர மக்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பழமொழி. மலேசியாவும் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருந்தது. 'கரையேறுங்கள், சில காலம் தங்குங்கள், ஆனால் இங்கேயே குடியேற முடியாது' என்பது அதன் கொள்கை. சரி, நான்காம் நாள் அந்த விருந்தாளி எங்கே போவான்? இந்தக் கேள்விக்கான விடை கோலாலம்பூரில் இல்லை. வாஷிங்டனிலும், ஒட்டாவாவிலும், கான்பெராவிலும், பாரிசிலும் இருந்தது.

1979ஆம் ஆண்டின் முதல் பாதியைக் கவனியுங்கள். தென்கிழக்காசிய முகாம்களிலிருந்து ஒருவர் பணக்கார நாட்டுக்குப் புறப்பட்டால், புதிதாக மூவர் வந்து சேர்ந்தனர். 1975 முதல் அதுவரை இவ்வட்டாரத்தில் புகலிடம் தேடிய இந்தோசீன மக்கள் 5,50,000 பேருக்கும் மேல். அவர்களுள் சுமார் 2,00,000 பேருக்கே வேறு நாட்டில் வாழ்வு கிடைத்தது. சுமார் 3,50,000 பேர் முகாம்களிலேயே தேங்கி நின்றனர். 1979 ஜூன் மாதத்தில் மட்டும் 54,000க்கும் மேற்பட்டோர் படகுகளில் வந்திறங்கினர்.

தொட்டி நிரம்பி வழிந்தால் வீட்டுக்காரர் குழாயை அடைக்கத்தானே செய்வார்? அதுதான் நடந்தது. பல்லாயிரம் பேரைச் சுமந்து வந்த படகுகளை மலேசியக் கடற்படை மீண்டும் கடலுக்கே இழுத்துச் சென்று விட்டது. 1979 ஜூனில், முகாம்களில் இருப்போரையும் வெளியேற்றுவோம், புதிதாக வருவோரைச் சுடுவோம் என்று துணைப் பிரதமர் மகாதீர் கூறியதாகச் செய்திகள் வெளியாகி உலகையே அதிரவைத்தன. சுடும் எண்ணம் இல்லை என்று பிரதமர் உசேன் ஓன் விளக்கமளிக்க நேர்ந்தது. அம்மாத இறுதியில் ஆசியான் நாடுகள் ஐந்தும், தங்களால் இனித் தாங்க இயலாது, புதியவர்களை ஏற்க மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன.

படகுகளைத் திருப்பி விட்டது கொடுமையே. அதற்கு நாம் சமாதானம் தேட வேண்டியதில்லை. ஆனால் அக்கொடுமைக்கு அடிப்படைக் காரணம் என்ன என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டும். தொலைவிலிருந்த பணக்கார நாடுகளின் கதவு பாதி மூடியிருந்ததால் நம் கரையின் கதவும் மூடப்பட்டது.

இதன் மறுபக்கம் அடுத்த மாதமே வெளிப்பட்டது. 1979 ஜூலை 20, 21ஆம் நாள்களில் ஐ.நா. தலைமைச் செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் அழைப்பின் பேரில் 65 நாடுகள் ஜெனீவாவில் கூடின. அம்மாநாட்டில் உரையாற்றிய அமெரிக்கத் துணை அதிபர் வால்டர் மொண்டேல், 1938ஆம் ஆண்டில் எவியான் நகரில் நடந்த வேறொரு மாநாட்டை நினைவூட்டினார். இட்லரின் பிடியிலிருந்து தப்ப முயன்ற யூதர்களுக்காகக் கூட்டப்பட்ட கூட்டம் அது. அதில் கலந்துகொண்ட 32 நாடுகளும் அனுதாபம் தெரிவித்தன. ஆனால் மிகச் சிலவே இடம் தர முன்வந்தன. மறு ஆண்டு, 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த 'செயின்ட் லூயிஸ்' கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்காமல் ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பின. அப்பயணிகளுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். அந்த வரலாறு திரும்பிவிடக் கூடாது என்பதே மொண்டேல் உரையின் சாரம்.

இம்முறை வெறும் அனுதாபத்தோடு கூட்டம் கலையவில்லை. குடியேற்ற இடங்களுக்கான உறுதிமொழி 1,25,000இலிருந்து 2,60,000ஆக உயர்ந்தது. அமெரிக்கா தன் மாத ஒதுக்கீட்டை ஏற்கனவே 7,000இலிருந்து 14,000ஆக இரட்டிப்பாக்கியிருந்தது. சட்டவிரோதப் புறப்பாடுகளைத் தடுப்பதாக வியட்நாம் ஒப்புக்கொண்டது. முறையான அனுமதியோடு விமானத்தில் வெளியேறும் திட்டமும் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் வழி அடுத்து வந்த ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலில் உயிரைப் பணயம் வைக்காமல் வெளியேறினர்.

1979 ஜூலை முதல் 1982 ஜூலை வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 6,23,800 பேரைக் குடியேற்றின. முகாம்களுக்கு வருவோரைவிட அங்கிருந்து புறப்படுவோர் அதிகமாயினர். அதோடு நம் கரையும் மீண்டும் திறந்தது. மொத்தத்தில் மலேசியாவுக்குப் படகில் வந்த வியட்நாமியர் சுமார் இரண்டரை இலட்சம் பேர். பீடோங் முகாம் 1991இல் மூடப்பட்டது.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. கடலில் காப்பாற்றப்பட்டவர்களைக் கரையிறக்க வேண்டுமெனில், அவர்களை 90 நாள்களுக்குள் ஏற்றுக்கொள்வதாக வேறொரு நாடு உறுதி தர வேண்டும் என்பது அக்குடியரசின் நிபந்தனை. அந்த உறுதி இல்லாவிட்டால் கப்பல் தலைவர்களுக்குச் சிக்கல். தத்தளிக்கும் படகைக் கண்டும் காணாமல் போன கப்பல்கள் உண்டு. அமெரிக்கா உள்ளிட்ட எட்டு மேலை நாடுகள் இணைந்து பொதுவான உறுதிமொழி ஒன்றை வழங்கின. அதன் பிறகே கப்பல்களால் தயக்கமின்றி மீட்க முடிந்தது. நடுக்கடலில் ஒரு குழந்தை காப்பாற்றப்படுமா என்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் இடப்படும் கையெழுத்தைப் பொறுத்திருந்தது!

இனி, எதிரணியின் வாதங்களையும் பார்ப்போம்.

முதலாவது, 'மக்கள் விரும்பமாட்டார்கள்' என்பது. உண்மைதான். 1979இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் ஒதுக்கீட்டை உயர்த்துவதை எதிர்த்தனர். ஆயினும் தலைவர்கள் துணிந்து முடிவெடுத்தனர். கனடாவோ வேறொரு வழியைக் கண்டது. ஐந்து குடிமக்களோ ஒரு தேவாலயமோ ஓர் அகதிக் குடும்பத்துக்கு ஓராண்டுக் காலம் பொறுப்பேற்கலாம் என்றது. 1980ஆம் ஆண்டின் இறுதிக்குள் கனடா ஏற்ற 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறு பொதுமக்களால் அழைக்கப்பட்டவர்களே. 1986இல் ஐ.நா.வின் நான்சென் விருது கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது.

இரண்டாவது, 'அவர்கள் என்றென்றும் சுமையாகவே இருப்பார்கள்' என்பது. சிறுமியாக மலேசிய முகாமில் தங்கியிருந்து கியூபெக் சென்ற கிம் துய், 2010இல் கனடாவின் தலைமை ஆளுநர் இலக்கிய விருதைப் பெற்றார். 1977இல் படகில் டார்வின் நகரை அடைந்த கியூ வான் லே, 2014 முதல் 2021 வரை தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். எல்லாரும் இப்படி உயரவில்லை. பலர் தொழிற்சாலைகளிலும் சிறு கடைகளிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். தோட்டப்புறத்திலிருந்து எழுந்து வந்த நமக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டுமா?

மூன்றாவது வாதம் வலுவானது. 'கதவைத் திறந்தால் மேலும் பலர் வருவர்' என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1980களின் பிற்பகுதியில் படகுகள் மீண்டும் பெருகின. வறுமையால் புறப்பட்டோரும் அவர்களுள் பலர். பணக்கார நாடுகள் சலிப்படைந்தன. மலேசியாவும் மீண்டும் படகுகளைத் திருப்பி விடத் தொடங்கியது. 1989இல் ஜெனீவாவில் இரண்டாம் மாநாடு கூட்டப்பட்டது. ஒவ்வொருவரின் கோரிக்கையும் விசாரிக்கப்பட்டது. உண்மை அகதிகளுக்குப் பணக்கார நாடுகள் இடம் தந்தன. மற்றவர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். அம்முறையில் குறைகள் இருந்தன. எனினும், பெருகும் கூட்டத்துக்கு விடை விசாரணையில் இருக்கிறது, கதவை அறைந்து சாத்துவதில் இல்லை என்பதை அது காட்டியது. 1996இல் சுங்கை பீசி முகாமும் மூடப்பட்டது.

1975க்கும் 1995க்கும் இடையே இவ்வட்டார முகாம்களிலிருந்து குடியேற்றப்பட்டோர் சுமார் 13 இலட்சம் பேர். அமெரிக்கா எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் தலா 1,37,000 பேரை ஏற்றன. அந்நாடுகள் இதனால் நொடிந்துபோகவில்லை. ஆகவே என் முடிவு இது: செல்வம் மிகுந்த நாடுகள் அதிகமான போர் அகதிகளை ஏற்கத்தான் வேண்டும். அவர்கள் ஏற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் பின்னால், பக்கத்து நாட்டின் கரையில் இன்னொருவர் கால் பதிக்க இடம் கிடைக்கிறது.

இன்றைய நிலை என்ன? உலக அகதிகளுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளிலேயே வாழ்கின்றனர். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அகதிகள் குடியேற்றத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. 2015 மே மாதம் அந்தமான் கடலில் ரொகிங்யா மக்களின் படகுகள் தத்தளித்தபோது, மலேசியாவும் இந்தோனேசியாவும் 7,000 பேருக்கு ஓராண்டுக்கு மட்டும் இடம் தர ஒப்புக்கொண்டன. ஓராண்டுக்குள் உலக நாடுகள் அவர்களை ஏற்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தன. 1979இன் அதே குரல்!

ஆனால் இக்கதையில் நமக்கும் ஒரு புதிய இடம் உண்டு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொகிங்யா மக்களைத் தாங்கி நிற்கும் வங்காளதேசத்தின் கண்களுக்கு மலேசியா ஒரு செல்வந்த நாடு. 1979இல் பிறரிடம் நாம் கேட்ட கேள்வியை இன்று நம்மிடம் கேட்க அதற்கு உரிமை உண்டு. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நம் கடற்படை ரொகிங்யா படகைத் திருப்பி அனுப்பியது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்ற சுமார் இரண்டு இலட்சம் பேர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தொண்டு அமைப்புகள் நடத்தும் கற்றல் நிலையங்களே அவர்களுக்குக் கதி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் நம் நாடு கையெழுத்திடவும் இல்லை.

பீடோங் தீவு இன்று முக்குளிப்போர் நாடிச் செல்லும் அழகிய தீவு. வரலாற்றுப் பாடத்தில் வியட்நாம் போரைப் பற்றிப் பேச நேரும்போது, ஆசிரியர்கள் இத்தீவின் பெயரையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதுங்கள். பெற்றோர்கள் வீட்டில் பிள்ளைகளோடு உரையாடுங்கள். 'மற்ற நாடுகள் ஏற்க வேண்டுமா?' என்று பிள்ளைகள் கேட்டால், 'நாம் என்ன செய்ய வேண்டும்?' என்னும் கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேட்கப் பழக்குவோம்.