நோயைத் தேடி வரிசையில் நின்ற நகரம்

உடலில் நோவு கண்டவன் வைத்தியரை நாடுவது இயல்பு. நோவு எதுவும் காணாதவன், தன்னுள் நோய் மறைந்திருக்கிறதோ என்று அறிவதற்காகத் தன் வேலையை விட்டு, மழையில் நனைந்து, வரிசையில் நிற்பது இயல்பன்று. அவ்வாறு நிற்கும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடாத போது ஒரு நகரத்து மக்கள் இலட்சக் கணக்கில் வந்து நின்றார்களெனின், அதற்குரிய காரணங்கள் ஆராயத்தக்கவை.

அந்நகரம் ஸ்கொத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ. கப்பல் கட்டுந் தொழிலாற் புகழ்பெற்ற அந்நகரில் அக்காலத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவருள் மிகப் பலர், பல மாடிகள் கொண்ட பழைய கற்கட்டடங்களில், ஓரறையிலும் ஈரறையிலும் குடும்பம் முழுவதையும் அடைத்துக் குடியிருந்தவர்கள். ஒருவர் இருமினால் அவ்விருமலின் பங்கு அறையிலுள்ள அனைவருக்கும் உண்டு. சயரோகம் அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மேற்கு ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அந்நோய் தணிந்துவந்த காலத்திலும், கிளாஸ்கோவில் அது எளிதில் அடங்கவில்லை.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி அந்நகரில் எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை இயக்கம் ஒன்று தொடங்கியது. பிரித்தானியாவின் பல பாகங்களிலிருந்தும் வரவழைக்கப்பட்ட 37 எக்ஸ்-கதிர்ப் பிரிவுகள் நகரெங்கும் நிறுத்தப்பட்டன. ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகள் தெருத்தெருவாகச் சென்றன. தொண்டர்கள் ஆயிரக் கணக்கில் வீடுவீடாகப் படியேறிக் கதவைத் தட்டினர். இரண்டரை இலட்சம் பேராவது வருவர் என்பதே அமைப்பாளரின் எதிர்பார்ப்பு. ஏப்ரல் 12ஆம் திகதி ஐந்து வாரங்கள் முடிந்தபோது, படம் எடுத்துக்கொண்டவர்களின் தொகை 7 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நகரத்தின் வயதுவந்த மக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வந்துபோயினர். தம் நோயைத் தாமே அறியாதிருந்த 2,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டனர்.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? பரிசு என்பர் சிலர். பரிசோதனைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறு சின்னம் ஒன்று வழங்கப்பட்டது. அதனை அணிந்திருப்போருக்கு வாரந்தோறும் பரிசுகள் காத்திருந்தன; மோட்டார்க் காரும் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஒருவர் பெறப்போகும் காருக்காக ஏழு இலட்சம் பேர் வந்தனர் என்பது பொருந்துவதாக இல்லை. காரினும் வலியது அச்சிறு சின்னமே எனலாம். தொழிற்சாலையிலும் ட்ராம் வண்டியிலும் பத்துப் பேர் அதை அணிந்து நிற்கையில், அணியாத பதினோராமவன் தன் வெறுஞ்சட்டையை உணராதிருக்க முடியாது. சட்டம் செய்யாத வேலையை அயலாரின் கண்கள் செய்தன.

ஆனால் அயலாரின் கண்கள் முன்னரும் இருந்தவையே. முன்னாளில் அவை மக்களைப் பரிசோதனையை நோக்கி அழைக்கவில்லை, அதிலிருந்து துரத்தின. சயரோகம் என்ற சொல்லைக் குடும்பங்கள் வாய்விட்டுக் கூறமாட்டா. மார்ச்சளி என்பார்கள், உடல் மெலிவு என்பார்கள். அச்சொல் வெளிப்பட்டால் மகளின் கலியாணம் குழம்பும். மகனின் வேலை போகும். எல்லாவற்றிலும் மேலாக, நோய் உண்டு என்று அறிந்துகொள்வதால் வரும் பயன்தான் என்ன? உறுதியான மருந்தில்லை. சுகநிலையத்தில் மாதக் கணக்கிற் படுத்திருக்க வேண்டும். குடும்பத்தலைவன் படுக்கையிலிருக்க, அடுப்பு எப்படி எரியும்? அறியாமையால் மக்கள் ஒளித்தனர் என்று படித்தவர்கள் அடிக்கடி கூறினர். அவர்கள் ஒளித்தது அறியாமையாலன்று. கணக்குப் பார்த்தே ஒளித்தனர்.

பரிசோதனைக் கருவியோ முன்னரே வந்துவிட்டது. பிரேசில் நாட்டு வைத்தியரான மனுவேல் டி அப்ரேயு, எக்ஸ்-கதிர்த் திரையில் விழும் நிழலைச் சிறிய படச்சுருளிற் பிடிக்கும் முறையை 1936ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். பெரிய படத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். 1943ஆம் ஆண்டில் பிரித்தானியா இம்முறையைக் கைக்கொண்டபோது, கருவியை வாங்கி வைத்தால் மட்டும் மக்கள் வரமாட்டார்கள் என்பதை அரசாங்கம் உணர்ந்திருந்தது. எனவே அதே ஆண்டிற் சுற்றுநிருபம் ஒன்று வெளிவந்தது. சிகிச்சைக்காக வேலையை விடும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவிப் பணம் வழங்க அது வழிசெய்தது. நல்ல ஏற்பாடே. ஆயினும், குணமடைந்து மீண்டும் தொழில் செய்யக்கூடியவர் என்று கருதப்பட்டவர்க்கே அப்பணம் உரியது. நோய் முற்றியவர்களும் நெடுங்கால நோயாளிகளும் விலக்கப்பட்டனர். தாம் எந்த வகுப்பிற் சேர்க்கப்படுவோம் என்பது படம் எடுப்பதற்கு முன் யாருக்குத் தெரியும்? மிகவும் அஞ்சியவனுக்கு அந்தச் சுற்றுநிருபம் ஆறுதல் தரவில்லை.

அதன்பின் பதினான்கு ஆண்டுகளில் நிலைமை அடியோடு மாறியது. 1948ஆம் ஆண்டில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது; வைத்தியம் இலவசமாயிற்று. தேசிய காப்புறுதி மூலம் நோயுற்ற தொழிலாளிக்குப் பணம் கிடைத்தது. ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தும், பின் 1952ஆம் ஆண்டளவில் ஐசோநியாசிட் என்பதும் வந்தன. எடின்பரோ நகரிற் பேராசிரியர் ஜோன் குரொவ்ற்றனும் அவருடைய குழுவினரும், மருந்துகளைத் தனித்தனியே கொடாது ஒருங்கே சேர்த்துக் கொடுத்து, சயரோகம் முற்றாகக் குணப்படுத்தக்கூடிய நோய் என்பதை நிறுவினர். 1951ஆம் ஆண்டிலே கட்டில்கள் போதாமையால் நோயாளிகளைச் சுவிற்சர்லாந்து மலைகளிலுள்ள சுகநிலையங்களுக்கு அனுப்பிய ஸ்கொத்லாந்து, 1957இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோரை ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருந்தது. ஒலிபெருக்கி வண்டி தெருவுக்கு வந்தபோது, ‘வாருங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மருந்தும் கட்டிலும் பணமும் நின்றன. பழைய கணக்கைப் பார்த்து ஒளித்த அதே மக்கள், புதிய கணக்கைப் பார்த்து வரிசைக்கு வந்தனர்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், இதே கேள்வி ஐரோப்பாவில் மீண்டும் எழுந்தது. ஸ்லோவாக்கியா நாட்டின் அரசாங்கம், 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதியும் நவம்பர் 1ஆம் திகதியும், நாடு முழுவதையும் பரிசோதிக்க முயன்றது. 55 இலட்சம் மக்களுள் 36 இலட்சம் பேர் இரண்டே நாளில் மூக்கைக் காட்டி நின்றனர். 38,359 பேரிடம் தொற்றுக் காணப்பட்டது. பரிசோதனை விருப்பத்தின்பாற்பட்டதென்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் தொற்றில்லை என்னும் சான்றிதழ் இல்லாதவர் வேலைக்கும் செல்லாமல் வீட்டிலே தங்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இதனை விருப்பம் என்பதா, கட்டாயம் என்பதா? பரிசோதனை உண்மையாகவே விருப்பத்துக்குரியதாக இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டின் சனாதிபதி சுசானா சப்புற்றோவாவே வற்புறுத்தினார். கிளாஸ்கோவின் சட்டைச் சின்னத்துக்கும் இந்தச் சான்றிதழுக்கும் உறவுண்டு. ஆயினும் சின்னம் இல்லாதவனை யாரும் வாயிலில் நிறுத்தவில்லை.

முயற்சி வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. இரு முறை பரிசோதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு வாரத்துக்குள் தொற்றின் பரவல் பாதிக்குமேல் குறைந்தது என்று 2021ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணித்தனர். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த பிற கட்டுப்பாடுகளுக்கும் அதிற் பங்குண்டு. ஆனால் அக்குறைவு நிலைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஸ்லோவாக்கியா கடுமையான மரணங்களைக் கண்டது.

அதே நவம்பர் 6ஆம் திகதி இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலும் அறிகுறியற்றவர்களுக்கான பரிசோதனை தொடங்கியது. ஏறத்தாழ 2,000 இராணுவத்தினர் துணைநின்றனர். கட்டணமில்லை, சான்றிதழ்க் கட்டாயமும் இல்லை. முதல் ஒரு மாதத்தில் துரிதப் பரிசோதனைக்கு வந்தவர்கள் நகரமக்களுள் நான்கில் ஒரு பங்கினரளவே. வராதவர்கள் எங்கே வாழ்ந்தனர் என்று லிவர்ப்பூற் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, தொற்று மிகுந்திருந்த வறிய பகுதிகளிலேதான் வருகை மிகக் குறைந்திருந்தது என்று தெரிந்தது. தொற்றுண்டெனிற் பல நாள் வீட்டிலிருக்க வேண்டும். அந்நாட்களில் தமக்குப் போதிய ஆதரவு கிட்டாது என்ற அச்சமே பெருந்தடையாக இருந்தது. அரசாங்கம் செப்ரெம்பர் மாதத்திலேயே 500 பவுண் உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. வருமானம் குறைந்து, ஏற்கெனவே சில அரச உதவிகளைப் பெற்றுவந்தவர்க்கே அது முக்கியமாக உரியதாயிருந்தது. அந்த எல்லைக்குச் சற்று அப்பால் நின்ற தொழிலாளி, 1943ஆம் ஆண்டின் நோயாளியைப் போலவே, தன் பங்கு என்னவென்று தானே கணக்கிட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டான்.