நிர்வாகக் கோச்சிங்: பிற உதவித் தொழில்களுடன் ஓர் ஒப்பீடு

நிர்வாகக் கோச்சிங் என்பது, ஒரு நிறுவனத்தில் பொறுப்பு வகிப்பவர் தம் முடிவுகளையும் நடத்தையையும் தாமே எடைபோட்டுத் திருத்திக்கொள்ள, பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ச்சியான தனி உரையாடல்கள் வழியே துணைநிற்கும் தொழில். உரையாடலின் மையம் ஒரு மேலாளரின் செயல்பாடாக இருந்தால் அது நிர்வாகக் கோச்சிங். ஒரு கடையின் அல்லது ஆலையின் மொத்தப் போக்காக இருந்தால் வணிகக் கோச்சிங். போட்டித் தேர்வுக்கான கோச்சிங் வகுப்புகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலாண்மை ஆலோசகர், விரிவாக்கப் பணியாளர், பயிற்சியாளர், மூத்த வழிகாட்டி, நலன் அலுவலர், உளவளத்துணையாளர், மனநல மருத்துவர் ஆகியோரின் பணிகளோடு இத்தொழில் பல இடங்களில் உரசிக்கொள்கிறது. வேலூரிலிருந்து விரிஞ்சிபுரம் வழியாக ஆம்பூர் வரை பாலாற்றங்கரையில் நீளும் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து அந்த வேறுபாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

முறை

கோச், விடை சொல்வதைத் தம் வேலையாகக் கொள்வதில்லை. எதை அடைய விரும்புகிறீர்கள், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார். சொன்னதைச் செய்தாரா என்று அடுத்த சந்திப்பில் திரும்பவும் கேட்கிறார். சந்திப்புகள் பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். சில மாதங்களுக்குத் தொடரும். கட்டணத்தை நிறுவனம் செலுத்தும்போது ஒப்பந்தத்தில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: நிறுவனம், கோச்சிங் பெறுபவர், கோச். உரையாடலில் எந்தப் பகுதி நிறுவனத்துக்குத் தெரியலாம், எது தெரியக்கூடாது என்பது முதல் நாளிலேயே முடிவாக வேண்டும். அது தெளிவாக இல்லாத இடத்தில் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

தோற்றமும் வளர்ச்சியும்

உதவி நாடி வருபவரிடமே தீர்வு காணும் திறன் இருக்கிறது என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வற்புறுத்திய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் கருத்து இத்தொழிலுக்கு அடித்தளம். டென்னிஸ் பயிற்றுநர் திமோதி கால்வே 1974இல் வெளியிட்ட நூல், ஆட்டக்காரரின் மனத்துக்குள் நிகழும் தடைகளைப் பற்றிப் பேசியது. அந்த அணுகுமுறையை வணிக உலகுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், முன்னாள் கார் பந்தய வீரரான பிரிட்டனின் ஜான் விட்மோர். அவருடைய நூல் 1992இல் வந்தது. 1995இல் தாமஸ் லெனார்ட் தொடங்கிய பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு (ஐசிஎஃப்) இன்று உலக அளவில் சான்றிதழ் வழங்குகிறது.

இந்தியாவில் இதற்கு முன்னோடியான ஒரு முயற்சி தென்னகத்திலேயே நடந்தது. 1964இல் ஹார்வர்ட் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் குழு, ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துடன் சேர்ந்து, காக்கிநாடா வணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்தது. பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் புதிய தொழில் முயற்சிகளில் கூடுதலாக இறங்கினார்கள் என்று 1969இல் வெளியான நூலில் மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் பதிவுசெய்தனர். 1970களின் நடுவில் உதய் பாரீக், டி. வி. ராவ் இருவரும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு வகுத்த மனிதவள மேம்பாட்டு முறையில், மேலாளர் தமக்குக் கீழ் பணிபுரிபவரோடு அமர்ந்து அவருடைய செயல்பாட்டைப் பேசுவதற்கும் இடம் கிடைத்தது.

தோல் வட்டாரம்

விரிஞ்சிபுரம் வேலூருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் தென்கரையில் உள்ள ஊர். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குச் சென்ற வணிகருக்கு இறைவனே காவலாக உடன் சென்றார் என்பது தலபுராணம். இவ்வூருக்குக் கிழக்கே மேல்விசாரம், இராணிப்பேட்டை. மேற்கே பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இவை அனைத்தும் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. பிறகு இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தனியாகப் பிரிந்தன.

பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்வதைவிட முழுமை பெற்ற தோலாகவும் ஷூவாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1970களில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. அதன்பின் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளை நடத்திவந்த குடும்பங்கள் பல, ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் கம்பெனிகளையும் ஷூ கம்பெனிகளையும் தொடங்கின. தோலின் தரம் பார்த்து விலை பேசத் தெரிந்த முதலாளி, நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை வரிசையாக உட்காரவைத்து வேலை வாங்குபவராக மாற வேண்டியிருந்தது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பின்னர் 1996இல், தோல் ஆலைகளின் மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் தணிக்கை, அடுத்த தலைமுறையின் வருகை என்று இவ்வட்டார முதலாளிகள் மேல் ஒரே காலத்தில் பல சுமைகள் ஏறின. எந்தச் சுமைக்கு யாரை நாடுவது என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

பிற தொழில்களுடன் ஒப்பீடு

மேலாண்மை ஆலோசகர்: ஆலோசகர் சிக்கலைத் தம் கையில் எடுத்துக்கொண்டு ஆய்ந்து, தீர்வை அறிக்கையாகத் தருகிறார். வெட்டும் பிரிவில் சதுர அடிக் கணக்கில் தோல் வீணாகிறது என்றாலோ, சுத்திகரிப்புச் செலவு கட்டுப்படவில்லை என்றாலோ, கேட்க வேண்டியது அவரைத்தான். அதே அறிக்கை மேசையிலேயே ஓராண்டு கிடந்தால், அதை ஏன் நிறைவேற்ற முடியவில்லை என்று முதலாளியோடு உட்கார்ந்து பார்ப்பது கோச்சின் வேலை.

விரிவாக்கப் பணியாளர்: விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் இயங்குகிறது. புதிய பயிர் இரகம், பூச்சி மேலாண்மை என்று ஆய்வில் தேறிய அறிவை விவசாயியின் வயலுக்குக் கொண்டுசேர்ப்பது அதன் பணி. தோல் துறையில் இதற்கு இணையான அறிவை, 1948இல் தொடங்கப்பட்டு சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழங்குகிறது. இப்பணிக்குத் துறையறிவே மூலதனம். கோச்சுக்கு குரோம் பதனிடுதல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாத நேர்மை வேண்டும்.

பயிற்சியாளர்: பயிற்சிக்குப் பாடத்திட்டம் உண்டு; இருபது பேர் ஒன்றாக அமர்ந்து அதையே கற்கலாம். ஸ்டிச்சிங் இயந்திரம் இயக்கத் தெரியாதவருக்குப் பயிற்சிதான் தேவை. எல்லாம் தெரிந்தும் செய்ய இயலாமல் தவிப்பவருக்கு இன்னொரு வகுப்பால் பயனில்லை.

மூத்த வழிகாட்டி: இவ்வட்டாரத்தில் மிகப் பழமையான உதவி இதுதான். அப்பாவின் நண்பர், தோல் உற்பத்தியாளர் சங்கத்துப் பெரியவர், ஜமாத்தில் மதிப்புள்ளவர் என்று இளம் முதலாளி நாடிச்செல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். எந்த பையர் பணத்தை இழுத்தடிப்பார், கடனை எப்படிச் சமாளிப்பது என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவை எந்தக் கோச்சும் தர முடியாது. ஆனால் அதே பெரியவர் உறவினராகவோ, பங்குதாரராகவோ, போட்டியாளராகவோ இருக்கக்கூடும். அண்ணனோடு இனிச் சேர்ந்து தொழில் செய்ய விருப்பமில்லை என்பதை அவரிடம் சொல்ல முடியாது. குடும்பத்துக்கும் ஊருக்கும் வெளியே நிற்பதுதான் இங்கே கோச்சின் முதல் தகுதி.

நலன் அலுவலர்: 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் நலன் அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2020ஆம் ஆண்டு தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250ஆகக் குறைத்தது. குழந்தைகள் காப்பகம், உணவகம், விடுப்பு, குறைகள் எனத் தொழிலாளரின் நலனுக்குப் பொறுப்பேற்பவர் அவர். கோச் ஒருவரின் விருப்பத்தின்பேரில் வருகிறார். நலன் அலுவலர் சட்டத்தின்பேரில் இருக்கிறார்.

உளவளத்துணையும் மனநல மருத்துவமும்: வேலூர் இத்துறையில் முன்னோடி ஊர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்கு அது பெயர்பெற்றது. உளவளத்துணைப் பயிற்சி தரும் கிறித்தவ ஆலோசனை மையமும் இந்நகரில் உண்டு. உளவளத்துணையாளர் துயரத்தோடும் உறவுச் சிக்கலோடும் பணிபுரிகிறார். மருத்துவர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருகிறார். கோச்சிங் என்பது நலமாக இருப்பவருக்கானது. வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, கட்டுக்கடங்காத குடி, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை தெரிந்தால் கோச் உடனே தம் பணியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே உதவி கிடைக்கிறது.

ஒரே சிக்கல், வெவ்வேறு உதவி

எடுத்துக்காட்டாக, அப்பா தொடங்கிய அப்பர் தைக்கும் கம்பெனி ஒன்றை மகன் நடத்துகிறார் என்று கொள்வோம். ஆர்டர்கள் தாமதமாகின்றன. லைன் ஓட்டத்தில் எங்கே தேக்கம் என்று ஆலோசகர் அளந்து சொல்வார். கடன் வட்டி கையிருப்பைத் தின்கிறதா என்று ஆடிட்டர் பார்ப்பார். புதுத் தொழிலாளர்களின் வேகம் குறைவு என்றால் பயிற்சியாளர் வருவார். இவையெல்லாம் முடிந்த பின்னும், மகன் காலையில் இடும் உத்தரவை அப்பா மாலையில் மாற்றுகிறார், மேஸ்திரிகள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள் என்றால், அது கோச்சிங்குக்கு உரிய இடம். அப்பாவிடம் எதைப் பேச வேண்டும், எதை ஏன் தள்ளிப்போடுகிறோம் என்பதை மகன் அங்கே கண்டுகொள்ளலாம். அந்த மகன் இரவெல்லாம் உறங்காமல், இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினால், ஆர்டரை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

தகுதியும் சட்டமும்

மருத்துவர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோருக்கு இந்தியாவில் தனிச் சட்டங்கள் உள்ளன. மருத்துவ உளவியலாளர்கள், 1992ஆம் ஆண்டு சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்ய வேண்டும். கோச்சிங்குக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். ஐசிஎஃப் போன்ற அமைப்புகளின் சான்றிதழ் தன்விருப்பமானது. ஐசிஎஃப் சான்றிதழின் மூன்று படிகளில் முதலாவதற்கு 100 மணி நேரமும், அடுத்ததற்கு 500 மணி நேரமும், உயர்ந்ததற்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் அனுபவம் வேண்டும்.

பயனும் விமர்சனமும்

நிறுவனக் கோச்சிங் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டிம் தீபோம் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, செயல்திறன், மனநலன், வேலை மீதான மனப்பான்மை ஆகியவற்றில் நன்மை இருப்பதாகக் கண்டது. 2016இல் ரெபெக்கா ஜோன்ஸ் குழுவினர் செய்த தொகுப்பாய்வில், வெளியிலிருந்து வரும் கோச்சுகளைவிட நிறுவனத்துக்குள்ளேயே பணிபுரியும் கோச்சுகளால் கூடுதல் பலன் தெரிந்தது. பெருஞ்செலவு செய்ய இயலாத ஆம்பூர் கம்பெனிகளுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. மறுபுறம், உளவியலாளர் ஸ்டீவன் பெர்கிளாஸ் 2002இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், ஆழ்ந்த மனச்சிக்கலை வெறும் நடத்தைக் குறையாகக் கருதும் கோச்சுகள் தீங்கு செய்கிறார்கள் என்று எச்சரித்தார்.

இவ்வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். கோச்சிங் மேலிடத்துக்கு மட்டுமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஷூ கம்பெனியில் ஒரு பெண் தொழிலாளியின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைத் தீர்மானிப்பவரோ லைன் சூப்பர்வைசர். நேற்று வரை உடன் தைத்தவர், இன்று அறுபது பேரிடம் வேலை வாங்க வேண்டும் என்றால், கத்துவதைத் தவிர வேறு வழி அவருக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். அவருக்குக் கிடைக்கும் சில மணி நேரக் கோச்சிங் அந்த வரிசை முழுவதற்கும் பயன்படும். ஆனால் குறைந்த கூலி, எட்ட முடியாத இலக்கு, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்குக் கோச்சிங் மருந்தாகாது. அவற்றுக்குச் சம்பளப் பேச்சுவார்த்தையும், தொழிற்சங்கமும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டு சட்டம் கட்டாயமாக்கிய உள் புகார்க் குழுவும் இருக்கின்றன. முறையிட வேண்டிய குறையைத் தனிமனிதரின் மனப்பான்மைக் குறையாக மாற்றிப் பேசும் கோச், தம் தொழிலுக்கே துரோகம் செய்கிறார்.

தேர்ந்தெடுத்தல்

கோச்சை அமர்த்துமுன் நான்கு கேள்விகள் கேட்பது நல்லது. எங்கே பயிற்சி பெற்றீர்கள், எத்தனை மணி நேரம் பணிபுரிந்திருக்கிறீர்கள்? நான் சொல்வது யாருக்குத் தெரியவரும்? பலன் கிடைத்ததா என்று எப்போது, எதை வைத்துப் பார்ப்போம்? உங்களால் முடியாத நிலை வந்தால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு, பாகாயத்து மையத்தையோ, நம்பகமான ஆடிட்டரையோ, வழக்கறிஞரையோ தயங்காமல் சுட்டுபவர் தம் எல்லையை அறிந்தவர். அவரை நம்பித் தொடங்கலாம்.