கானாவில் கரண்ட் போன நேரம்

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இன்டர்நெட்டில் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது முதலில் வந்தது தபாலில்.

1989 டிசம்பரில் லண்டனிலிருந்து சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் பல நாடுகளுக்குப் போயின. எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று லேபிள் சொன்னது. அனுப்பியவர் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர். ஃப்ளாப்பியைப் போட்ட கணினி ஒழுங்காகவே ஓடும். தொண்ணூறாவது தடவை ஆன் செய்யும்போது கோப்புப் பெயர்களெல்லாம் உருமாறிக் கிடக்கும். பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்ப வேண்டும். நல்லவேளை, திறக்கும் வழியும் அந்த நிரலுக்குள்ளேயே இருந்தது, சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனதுபோல. ஜிம் பேட்ஸ் என்பவர் அதைப் பிரித்துப் பார்த்து, மீட்கும் நிரல்களை எழுதி இலவசமாகவே கொடுத்தார்.

1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற ஆய்வாளர்கள் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொன்று என்றால் பேட்ஸைப் போன்றவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'ஏலியன்' படத்தில் முகத்தைக் கவ்வும் ஜந்துதான் அவர்களுக்குத் தூண்டுதல். பிய்த்தால் ஆளே போய்விடுவான். 2013-இல் கிரிப்டோலாக்கர் அப்படித்தான் பூட்டியது. பனாமா தபால் பெட்டியின் இடத்தில் பிட்காயின் உட்கார்ந்தது.

தற்காப்போ ஒரு புகைப்படக்காரரிடமிருந்து வந்தது. படங்கள் தொலையாமலிருக்க அமெரிக்கரான பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். அந்த ஒன்றின் அருமை 2017-இல் தெரிந்தது.

அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ வைத்திருந்த விண்டோஸ் ஊடுருவல் கருவி திருடுபோய் இன்டர்நெட்டில் கொட்டப்பட்டது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தும், போடாதவர்கள் ஏராளம். மே 12 அன்று வானாக்ரை பிரிட்டிஷ் மருத்துவமனைகளையே முடக்கியது. ஜூன் 27 அன்று அதே கருவியோடு உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டில் ஏறி வந்தது நாட்பெட்யா. பழைய பெட்யா ரான்சம்வேரின் வேஷம் அதற்கு. பணம் கட்டினாலும் கோப்பு திரும்பாது, அழிப்பதற்கென்றே செய்தது.

அதில் சிக்கிய டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கில், யார் எதற்குள் நுழையலாம் என்ற விவரத்தைக் காக்கும் சர்வர்கள் சுமார் 150. ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று உதவும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே வலையில் இருந்ததால் சேர்ந்தே அழிந்தன. எப்போதும் கேபிளில் மாட்டியே கிடக்கும் பிரதியை பேக்கப் என்று நம்பவே கூடாது.

ஒன்று மட்டும் தப்பியது. கானா அலுவலகத்தில் தாக்குதலுக்குச் சற்று முன்பு கரண்ட் போயிருந்தது. அங்கிருந்த சர்வர் வலையிலிருந்து துண்டாகியிருந்தது. அதன் தரவை இணையத்தில் அனுப்பப் பல நாள் ஆகும். மீட்புப் பணி நடந்த பிரிட்டனுக்கு நேரில் கொண்டுபோகலாம் என்றால் அங்கே யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. கானா ஊழியர் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் சக ஊழியரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் அதைக் கையோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். பத்தே நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் புதிதாக எழுந்தன.