அடுப்படி ரீலும் வெள்ளைக் கோட்டு ரீலும்

எலும்பு பலம் பற்றிக் கைபேசியில் வந்து விழும் குறுங்காணொளிகளில் இரண்டு வகை எடுப்பாகத் தெரிகின்றன. ஒன்று கேழ்வரகு, எள், பிரண்டை என்று அடுப்படியிலிருந்து பேசும். மற்றொன்று ஸ்டெதாஸ்கோப் தொங்க, ஆலோசனை அறையிலிருந்து பேசும். முன்னதை மரபென்று நம்புவோர் உண்டு, பின்னதை அறிவியலென்று நம்புவோர் உண்டு. அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால், எதிரும் புதிருமான இவை ஒரே இடத்தில் சறுக்குகின்றன.

அடுப்படி ரீல் சொல்கிறது: ‘பாலைவிடக் கேழ்வரகில் மூன்று மடங்கு கால்சியம்.’ கணக்கு சரிதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம், அதே அளவு பாலில் ஏறக்குறைய 120. ஆனால் 30 கிராம் மாவு கரைத்த ஒரு டம்ளர் கூழில் இருப்பது சுமார் 110 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240. டம்ளருக்கு டம்ளர் பால்தான் முந்துகிறது. தவிர, கால்சியத்தை உடலில் சேரவிடாத ஃபைட்டேட்டைக் குறைப்பது இரவெல்லாம் புளிக்கவைப்பது. ‘இரண்டே நிமிடக் கூழ்’ அதைத்தான் விட்டுவிடுகிறது.

கோட்டு ரீல் சொல்கிறது: ‘விட்டமின் டி குறைவா? வாரம் ஒரு 60,000 யூனிட்.’ இதுவும் சரிதான். மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் அளவே அது. ஆனால் மருந்துச் சீட்டில் எட்டு வாரம் என்பதுபோல் ஒரு கெடு இருக்கும், ரீலில் இருக்காது. வாரத்துக்கு ஒன்றைத் தினம் ஒன்றாக்கி நீட்டினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

அங்கே அளவு விடுபடுகிறது, இங்கே காலம். சிகிச்சைத் தகவலின் தரத்தை அளக்க 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியான ‘டிஸ்கெர்ன்’ கருவியில் 16 கேள்விகள் உள்ளன. ஆதாரம் எது, பாதகம் என்ன, ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அது கேட்கும்போது அகப்பையும் கோட்டும் ஒன்றுபோல் விழிக்கின்றன.

இதைவிட வியப்பான உறவு தொடக்கக் காட்சியில். இரண்டிலும் யாரோ முழங்காலைப் பிடித்தபடி படியேறுகிறார். முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம் மூட்டுத் தேய்மானம். எலும்பு மெலிவோ, எலும்பு முறியும்வரை வலிப்பதே இல்லை. வலியற்ற நோயை இருபது நொடியில் காட்ட முடியாததால், இரு தரப்பும் பக்கத்து வீட்டு நோயைக் கடன் வாங்குகின்றன. முழங்கால் வலிக்காத, மாதவிடாய் நின்ற பெண்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி முதலில் கேட்க வேண்டியவர். அவரோ ‘நமக்கில்லை’ என்று தள்ளிவிடுகிறார்.

வேற்றுமை விளைவில் இருக்கிறது. கூழ் பொதுவாக யாரையும் கெடுக்காது. ஆனால் அதுவே போதும் என்ற நிம்மதி பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும். மருந்து நேரடியாகக் கெடுக்கலாம். ஆனால் அந்தக் கேடு ஓர் இரத்தப் பரிசோதனையில் பிடிபடும். எது குறைந்த ஆபத்து என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. யார் சொல்கிறார் என்பதற்கு முன், ‘யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்’ என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்ப்பதே இரண்டுக்கும் பொதுவான நியாயமான தராசு.